மண்டியிடும் எழுத்து, படுத்திருக்கும் எழுத்து: சீன இணையப் பேச்சின் பின்னணி

சீனத்தில் 'ஷீஃபான்' என்றால் கஞ்சி. காலையில் ஊறுகாய் தொட்டுக்கொண்டு குடிக்கும் அரிசிக் கஞ்சிதான். இணையம் பரவத் தொடங்கிய காலத்தில் சீன அரட்டைகளில் 'நான் உன்னைக் கஞ்சி' என்ற வாக்கியம் அடிக்கடி தென்படும். பாடப்புத்தகம் வைத்துச் சீனம் படித்தவர் அகராதியைப் புரட்டினால் கஞ்சி மட்டுமே கிடைக்கும். 'பிடிக்கும்' என்பதற்குச் சீனத்தில் 'ஷீஹுவான்'. தென் சீனப் பகுதிகள் சிலவற்றில் 'ஹு' என்ற ஒலி 'ஃப' ஆகிவிடும். சிறு குழந்தை கொஞ்சிப் பேசினாலும் அப்படித்தான் காதில் விழும். அந்தக் கொஞ்சலை எழுத்தில் கொண்டுவர, ஏறக்குறைய அதே ஒலியுள்ள கஞ்சியை எடுத்து வைத்துவிட்டார்கள். 'உன்னை எனக்குப் பிடிக்கும்' என்று நேராகச் சொல்லக் கூச்சப்பட்டவர்களுக்கு ஒரு கிண்ணம் கஞ்சி கைகொடுத்தது.

சீன இணையச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கஞ்சி நினைவுக்கு வரும். பொருள் தெரிந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு சொல்லுக்கும் பிறந்த வருடம் இருக்கிறது, பிறந்த காரணம் இருக்கிறது. பல சொற்களுக்குள் ஒரு தலைமுறையின் வலியும் இருக்கிறது. அதோடு சேர்த்துப் பிடித்தால்தான் சொல் கையில் நிற்கும்.

முதலில் விசைப்பலகையிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பாதிச் சொற்கள் பிறந்த இடம் அதுதான். சீனப் பொதுமொழியில் அசைகள் மிகக் குறைவு. குரலின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் சுமார் 400, எடுத்தால் சுமார் 1300. ஆனால் எழுத்துகளோ ஆயிரக்கணக்கில். ஆகவே ஒரே ஒலிக்குப் பல எழுத்துகள். போனில் தட்டும்போது சீனர்கள் ஒலியை ரோமன் எழுத்தில் தட்டுகிறார்கள்; நம்மில் பலர் 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றுவதைப் போலத்தான். நமக்குப் பெரும்பாலும் ஒரு சொல்தான் வந்து நிற்கும். அவர்களுக்கோ ஒரு வரிசையே வரும், அதில் தேவையானதைத் தொட்டு எடுக்க வேண்டும். அவசரத்தில் விரல் தவறினால் 'வகுப்புத் தோழரே' என்பது 'குழந்தைச் செருப்பே' ஆகிவிடும். முதலாவது 'தோங்ஷுவே', இரண்டாவது 'தோங்ஷியே', ஒலி ஏறக்குறைய ஒன்றுதான். 'மனஅழுத்தம்' தட்டப்போனால் 'பேரிக்காய்' வந்து உட்காரும். இரண்டுமே 'யாலீ'. இணைய மன்றத்தை நடத்துகிறவர் 'புள்ளி மூங்கில்' ஆனதும் இப்படித்தான்.

தவறை யாரும் திருத்தவில்லை. படித்தவருக்கு அது பிடித்துப்போனது, அடுத்தவர் வேண்டுமென்றே தட்டினார், அப்புறம் அதுவே பேச்சாகிவிட்டது. 2009, 2010 வாக்கில் 'பெய்ஜூ' என்ற சொல் எங்கும் கேட்டது. 'துயர நாடகம்' என்பதற்கும் அதே ஒலி, 'கோப்பை' என்பதற்கும் அதே ஒலி. 'வாழ்க்கை ஒரு தேநீர் மேசை, அதன்மேல் நிறையக் கோப்பைகள்' என்று ஒரு வரி கைமாறிக்கொண்டே இருந்தது. தேர்வில் தோற்றவரும் வேலை பறிபோனவரும் 'நான் கோப்பை ஆகிவிட்டேன்' என்று எழுதினார்கள். துயரத்தைக் கையில் பிடிக்கிற அளவுக்குச் சின்னதாக்கிக்கொள்ளும் வழி அது. சீன இணையப் பேச்சின் அடிப்படைக் குணமே இதுதான் என்று நினைக்கிறேன்.

எண்களும் இப்படி ஒலியால் வந்தவைதான். ஐந்து, இரண்டு, சுழியம் என்று வரிசையாகச் சொன்னால் 'வூ அர் லிங்'. அது 'வோ ஆய் நீ', அதாவது 'உன்னைக் காதலிக்கிறேன்' என்பதற்கு நெருங்கி வருகிறது. அதனால் மே 20ஆம் தேதி காதலர் நாளாகிவிட்டது. அன்று திருமணப் பதிவு அலுவலகங்களில் கூட்டம் நிற்கும், போன் வழியே 520 யுவான் அன்பளிப்பு போகும். 1314 என்றால் 'ஆயுள் முழுவதும்'. 666 என்றால் 'அசத்திவிட்டாய்', ஏனென்றால் ஆறு என்பதன் ஒலியான 'லியூ', வழுக்கிக்கொண்டு போகிற லாவகத்தையும் குறிக்கும். 233 மட்டும் ஒலியால் வந்ததில்லை. பழைய இணைய மன்றம் ஒன்றில் தரையைத் தட்டிச் சிரிக்கும் படத்துக்கு வரிசை எண் 233. படம் போய்விட்டது, எண் தங்கிவிட்டது. சிரிப்பு அதிகமாக வந்தால் கடைசியில் மூன்றுகளைக் கூட்டிக்கொண்டே போவார்கள்.

இந்த மாதிரிச் சொல் விளையாட்டை எல்லாம் சேர்த்துச் சீனர்கள் 'கெங்' என்கிறார்கள். இருவர் மேடையில் நின்று பேசிச் சிரிக்கவைக்கும் 'ஷியாங்ஷெங்' என்ற பழைய கலையில், சிரிப்பு வெடிக்கிற இடத்துக்கு 'கென்' என்று பெயர். அந்தச் சொல்லின் எழுத்தை மாற்றி எழுதப்போய் 'கெங்' பிறந்தது. மேடையில் ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர் தாங்கிப் பிடிப்பார். இணையத்திலும் அதே ஏற்பாடுதான். ஒருவர் போட்ட கெங்கை இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்கத் தெரிந்தவரே மொழி தெரிந்தவர்.

2008இல் குவாங்சோ தொலைக்காட்சி நிருபர் ஒருவர் தெருவில் போனவரை நிறுத்தி, அப்போது பரபரப்பாக இருந்த நடிகர் ஒருவரின் அந்தரங்கப் படங்கள் வெளியான விவகாரம் பற்றிக் கருத்துக் கேட்டார். 'எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? நான் சோயா சாஸ் வாங்க வந்தவன்' என்று அவர் சொல்லிவிட்டார். முன்பெல்லாம் நம் ஊர்களில் பாட்டிலை எடுத்துக்கொண்டு எண்ணெய்க் கடைக்குப் போவதைப் போல, சீனத்திலும் பாட்டிலோடு போய் சோயா சாஸை அளந்து வாங்கி வருவார்கள். சின்னப் பிள்ளைகளை அனுப்பும் வேலை. அதற்குப் பிறகு 'சோயா சாஸ் வாங்குவது' என்றாலே 'இதில் நான் தலையிடவில்லை' என்று பொருளாயிற்று. சில வருடங்கள் கழித்து அந்த இடத்துக்கு 'தர்பூசணி தின்னும் மக்கள்' வந்தார்கள். ஊர்ச் சண்டையைக் கையில் தர்பூசணித் துண்டோடு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவர்கள். இன்றைக்குத் 'தர்பூசணி' என்றாலே வம்புச் செய்தி. 'பெரிய தர்பூசணி' என்றால் பெரிய விவகாரம்.

பேச முடியாத இடத்தில் வேடிக்கை பார்ப்பதாகச் சொல்லிக்கொள்வது பாதுகாப்பு. சீன இணையப் பேச்சைத் தணிக்கையிலிருந்து பிரித்துப் புரிந்துகொள்ள முடியாது. 2009 தொடக்கத்தில் இணையத்தில் ஆபாசத்தை ஒழிப்பதாக அரசு ஒரு பெரிய நடவடிக்கையில் இறங்கியது. அதே நாள்களில் 'புல் மண் குதிரை' என்ற விலங்கு பிறந்தது. 'ட்சாவ்நீமா' என்ற அந்தப் பெயரை ஏற்ற இறக்கம் மாற்றிச் சொன்னால் தாயைப் பழிக்கும் கடுமையான வசை. தணிக்கை மென்பொருளின் கண்ணுக்கு அது வெறும் புல், மண், குதிரை. பாலைவனத்தில் அமைதியாக வாழும் இந்தக் குதிரையின் புல்வெளியை ஆற்று நண்டுகள் பிடுங்க வருகின்றன என்று குழந்தைக் குரலில் பாட்டும் வந்தது. 'ஆற்று நண்டு' என்பது 'ஹெஷியே'. 'இணக்கம்' என்பதற்கும் ஏறக்குறைய அதே ஒலி. அப்போதைய அதிபர் ஹூ ஜிந்தாவ் காலத்தில் அரசின் முழக்கமே 'இணக்கமான சமுதாயம்'. அந்த இணக்கத்தின் பெயரால் பதிவுகள் மறைந்தன. எனவே எழுதியது நீக்கப்பட்டால் 'என்னை ஆற்று நண்டாக்கிவிட்டார்கள்' என்று சொல்லத் தொடங்கினார்கள்.

2017 கடைசியில் உலகமெங்கும் பெண்கள் தங்களுக்கு நேர்ந்த பாலியல் துன்புறுத்தலைச் சொல்ல 'மீ டூ' என்ற சொல்லைக் கையில் எடுத்தார்கள். 2018இல் அது சீனத்துக்கு வந்தபோது அந்தக் குறிச்சொல்லுக்குத் தடை விழுந்தது. சீனப் பெண்கள் 'அரிசி முயல்' என்று எழுதினார்கள். அரிசிக்கு 'மீ', முயலுக்கு 'தூ'. ஒரு கிண்ணச் சோறும் ஒரு முயல் முகமும் சேர்ந்த படம் போதும், தெரிந்தவர்களுக்குப் புரிந்துவிடும். இந்த விளையாட்டில் ஒலி இல்லாத வகையும் உண்டு. 'விடுதலை' என்பதற்கான இரண்டு எழுத்துகளிலும் உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கோட்டை நீக்கினால் 'கண்', 'வயல்' என்ற வேறு இரண்டு எழுத்துகள் கிடைக்கும். தலை வெட்டப்பட்ட விடுதலை. இதை முதன்முதலில் பார்த்துப் புரிந்துகொண்ட அன்று வெகுநேரம் வேறு எதையும் படிக்க முடியவில்லை எனக்கு.

2022 வசந்தத்தில் கோவிட் காரணமாக ஷாங்காய் நகரம் முழுவதையும் பூட்டிவைத்திருந்த வாரங்களில் இன்னொரு எழுத்து பரவியது. 'ஈரம், வளம்' என்று பொருள்படும் நல்ல எழுத்து அது. ஆனால் அதன் ஒலியை ரோமனில் எழுதினால் ஆங்கிலத்தில் 'ஓடு' என்பதற்கான அதே மூன்று எழுத்துகள். நாட்டைவிட்டுப் போய்விடுவது என்று பொருள். எந்த நாட்டுக்குப் போகலாம், விசா எப்படி வாங்கலாம் என்று விவாதிப்பதற்கு ஓர் 'இயல்' போலவே பெயர் வைத்துப் பேசினார்கள்.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். சீன இணையப் பேச்சில் மிகக் கனமான சொற்கள் எல்லாம் வேலையையும் படிப்பையும் சுற்றித்தான் இருக்கின்றன. அவற்றை வருட வரிசையில் அடுக்கினாலே கதை தெரிந்துவிடும்.

2016இல் ஒரு படம் எல்லா அரட்டையிலும் ஓடியது. 1993இல் வந்த தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் நடிகர் கெ யோ சோபாவில் எலும்பே இல்லாதவர்போலச் சரிந்து கிடக்கும் காட்சி. 'எனக்கு இப்போது இப்படித்தான் இருக்கிறது' என்று அனுப்பிக்கொண்டார்கள். 2017 கடைசியில் 'ஃபோஷீ' வந்தது. 'புத்தர் வகை' என்று பொருள். கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் சரி என்று இருப்பவர். 2019 மார்ச்சில் மென்பொருள் பணியாளர்கள் '996 ஐசியூ' என்று ஒரு இணையப் பக்கம் திறந்தார்கள். காலை 9 முதல் இரவு 9 வரை, வாரத்தில் 6 நாள். இப்படி வேலை பார்த்தால் படுக்கப்போவது தீவிர சிகிச்சைப் பிரிவில் என்பது அதன் செய்தி. வாரத்துக்கு 72 மணி நேரம் வருகிறது. சீனத் தொழிலாளர் சட்டம் வைத்திருக்கும் சராசரி வரம்போ 44. அடுத்த மாதமே அலிபாபா நிறுவனர் ஜாக் மா, 996 வேலை கிடைப்பது 'ஃபூபாவ்' என்றார். அது பௌத்தச் சொல். முன்செய்த நல்வினையால் வந்து சேரும் பலன், நாம் புண்ணியம் என்போமே, அது. அன்றிலிருந்து இளைஞர்கள் வாயில் 'ஃபூபாவ்' என்ற சொல் கசந்துவிட்டது. நள்ளிரவில் அலுவலகத்திலிருந்து 'இன்றும் புண்ணியம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்' என்று எழுதினால் எல்லாருக்கும் புரியும். 2021 ஆகஸ்டில் உச்ச மக்கள் நீதிமன்றம் 996 சட்டவிரோதம் என்று தெளிவாகச் சொன்னது. அதற்குப் பிறகும் அந்தச் சொல் ஓயவில்லை என்பதே நிலைமையைச் சொல்லும்.

2020இல் வந்தது 'நெய்ஜுவான்'. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 'நெய்' என்றால் உள்ளே, 'ஜுவான்' என்றால் சுருளுதல். உள்நோக்கிச் சுருண்டுகொண்டே போவது. இதன் வேர் மானிடவியலில் இருக்கிறது. கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1963இல் ஜாவாவின் நெல் வேளாண்மை பற்றி எழுதியபோது, அதே வயலில் மேலும் மேலும் ஆட்கள் இறங்கி, மேலும் மேலும் நுணுக்கமாகப் பாடுபட்டும் தலைக்கு வரும் வருமானம் கூடாத நிலைக்கு இந்தப் பெயரைச் சொன்னார். வரலாற்றாசிரியர் ஃபிலிப் ஹுவாங் அதைச் சீன உழவர்களின் வரலாற்றுக்குப் பொருத்தினார். வயலைப் பற்றிய இந்தச் சொல்லை, பல பத்தாண்டுகள் கழித்து, பல்கலைக்கழக மாணவர்கள் தங்களைப் பற்றிச் சொல்ல எடுத்துக்கொண்டார்கள். இரவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டே கைப்பிடியின் மேல் மடிக்கணினியைத் திறந்துவைத்திருந்த சிங்குவா பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் படம் பரவியது. அவருக்குச் 'சுருள் மன்னர்' என்று பட்டமே கிடைத்தது.

சீனர்கள் இதை விளக்க ஒரு நாடகக் கொட்டகையைச் சொல்வார்கள். முன்வரிசையில் ஒருவர் எழுந்து நிற்கிறார். பின்னால் இருப்பவருக்கு மறைக்கிறது, அவரும் எழுகிறார். கடைசியில் கொட்டகை முழுவதும் நின்றுகொண்டிருக்கிறது. முன்பு பார்த்ததைவிட யாருக்கும் கூடுதலாக எதுவும் தெரியவில்லை, கால் வலிதான் மிச்சம். மானிடவியலாளர் ஷியாங் பியாவ் 2020இல் அளித்த ஒரு பேட்டியில், தன்னைத்தானே சாட்டையால் அடித்துச் சுற்றிக்கொண்டே இருக்கும் பம்பரத்தை இதற்கு உவமையாகச் சொன்னார். தோற்கவும் விலகவும் அனுமதி இல்லாத போட்டி இது என்றும் சொன்னார். 2024இல் கல்லூரி நுழைவுத் தேர்வான 'காவ்காவ்' எழுதப் பதிந்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். அந்தக் கொட்டகையில் நிற்பவர்கள் அத்தனை பேர்.

'ஜுவான்' என்ற எழுத்தைக் கிட்டத்தில் பாருங்கள். அதன் கீழே சுருண்டிருக்கும் பகுதி, மண்டியிட்டிருக்கும் மனித உருவிலிருந்து வந்தது. சீனத்தின் மிகப் பழைய எழுத்து அகராதி இதற்கு 'முழங்கால் மடிதல்' என்றே பொருள் சொல்கிறது. சொல்லைப் பரப்பிய இளைஞர்கள் இதை நினைத்துப் பார்த்தார்களோ இல்லையோ, எழுத்துக்குள் ஒரு மனிதர் முழங்காலிட்டுத்தான் இருக்கிறார்.

2021 ஏப்ரலில் பைது தியெபா மன்றத்தில் ஒருவர் ஒரு பதிவு போட்டார். 'படுத்துக்கிடப்பதே நியாயம்' என்பது தலைப்பு. இரண்டு வருடமாக நிலையான வேலை இல்லை, அதில் தவறொன்றும் தெரியவில்லை. மாதத்துக்கு 200 யுவானுக்குள் செலவு, நாளுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு. பீப்பாய்க்குள் படுத்து வெயில் காய்ந்த கிரேக்க ஞானி டயோஜெனஸைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். 'தாங்பிங்' என்ற சொல் ஒரே மாதத்தில் நாடு முழுவதும் போய்விட்டது. 'தாங்' என்ற எழுத்தின் இடது பாதி 'உடல்'. 'பிங்' என்றால் சமதளம். உடலைச் சமமாக வைத்துவிடுவது, அவ்வளவுதான். மண்டியிட்டவர் படுத்துவிட்டார். வீடு வாங்கமாட்டேன், கார் வாங்கமாட்டேன், கல்யாணம் பண்ணமாட்டேன், பிள்ளை பெறமாட்டேன் என்று மற்றவர்கள் அதில் சேர்த்துக்கொண்டே போனார்கள்.

இதைச் சோம்பல் என்று மொழிபெயர்ப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. இன்னொரு சொல்லோடு சேர்த்துப் பார்த்தால் விளங்கும். 'ஜியூட்சாய்' என்பது பூண்டு வாசம் வீசும் ஒரு கீரை. அறுத்தால் மறுபடி தளிர்க்கும், மறுபடி அறுக்கலாம். பங்குச் சந்தையில் மீண்டும் மீண்டும் பணத்தைப் பறிகொடுக்கும் சாதாரண மனிதர்களுக்கு அந்தப் பெயர்; பிறகு யாரிடமெல்லாம் உழைப்பும் பணமும் கறக்கப்படுகிறதோ அவர்களுக்கெல்லாம். தாங்பிங் பரவியபோது கூடவே வந்த வரி இது: 'படுத்துக்கிடக்கும் கீரையை அறுப்பது கடினம்.' சோம்பேறி எழுதும் வரியா இது? ஒரு நாளிதழ் தாங்பிங்கை வெட்கக்கேடு என்று எழுதியது, அதன் பெயரில் இருந்த குழுக்கள் மூடப்பட்டன. மறுவருடம் 'பைலான்' என்ற சொல் வந்தது. கெட்டது கெட்டபடியே கிடக்கட்டும் என்று விட்டுவிடுவது. கூடைப்பந்து ரசிகர்களின் பேச்சிலிருந்து வந்த சொல். அடுத்த வருடம் நல்ல இளம் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக்காக ஓர் அணி வேண்டுமென்றே தோற்பதற்கு அங்கே அந்தப் பெயர்.

2023 தொடக்கத்தில் பேச்சு இலக்கியத்துக்குப் போனது. எழுத்தாளர் லூ சுன் 1919இல் வெளியிட்ட சிறுகதை ஒன்றில் கொங் யிஜி என்ற மனிதர் வருவார். சீனப் பள்ளிகளில் படித்த எல்லாருக்கும் தெரிந்த கதை. லூ ஊரின் மதுக்கடையில் உழைப்பாளிகள் குட்டைச் சட்டையோடு நின்றபடி குடிப்பார்கள். நீள அங்கி அணிந்த வசதியானவர்கள் உள்ளே போய் உட்கார்ந்து குடிப்பார்கள். நீள அங்கியும் அணிந்து, நின்றுகொண்டும் குடிக்கிற ஒரே ஆள் கொங் யிஜி. படித்தவர், தேர்வில் தேறாதவர். அங்கி கிழிந்து அழுக்கேறி, பத்து வருடமாகத் துவைக்காததுபோல இருக்கும். ஆனாலும் கழற்றமாட்டார். கடைப்பையனிடம் ஓர் எழுத்தை நாலு விதமாக எழுதலாம் என்று சொல்லிக்கொடுக்கப் பார்ப்பார். பையனோ உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவான்.

நூறு வருடம் கழித்து வேலை கிடைக்காத பட்டதாரிகள் எழுதினார்கள்: பட்டம் கதவைத் தட்டும் கல் மட்டுமில்லை, நான் இறங்க முடியாத மேடையும்கூட, கொங் யிஜியால் கழற்ற முடியாத அங்கியும்கூட. அந்த வருடம் கல்லூரி முடித்து வெளியே வந்தவர்கள் 1 கோடியே 15 லட்சத்துக்கும் மேல். மார்ச்சில் அரசுத் தொலைக்காட்சி இதற்குப் பதில் சொன்னது. படித்தவன் என்ற கௌரவத்தை விட்டுவிட்டு உழைக்க மனமில்லாததுதான் கொங் யிஜியின் துயரத்துக்குக் காரணம் என்றது. சிறுவயதில் அந்தக் கதையைப் பாடமாக நடத்தியபோது ஆசிரியர்கள் சொன்னதே வேறு. அந்த மனிதரை அப்படி ஆக்கிய தேர்வு முறையும் சமூகமும்தான் குற்றவாளிகள் என்று சொல்லித்தந்தார்கள். அதனால் இளைஞர்களின் கோபம் கடுமையாக இருந்தது. இதை வைத்து எழுதப்பட்ட பகடிப் பாட்டு ஒன்று வேகமாகப் பரவி, வேகமாகவே நீக்கப்பட்டது. அந்த ஜூனில் நகர்ப்புற இளைஞர் வேலையின்மை 21.3 சதவீதம். ஆகஸ்டில் அந்தப் புள்ளிவிவரத்தை வெளியிடுவதையே நிறுத்தினார்கள். 2024 ஜனவரியில் மாணவர்களைக் கழித்துவிட்ட புதிய கணக்கோடு மறுபடி வந்தது. 'கொங் யிஜியின் அங்கி' என்ற சொல்லைப் படிப்பவர் இவ்வளவையும் சேர்த்துப் படித்தால்தான் அது விளங்கும்.

இந்தச் சொற்களை அரசு துரத்த மட்டும் செய்வதில்லை, எடுத்தும் கொள்கிறது. 2010 நவம்பரில் கட்சியின் 'மக்கள் நாளிதழ்' முதல் பக்கத் தலைப்பில் 'கெய்லீ' என்ற இணையச் சொல் வந்தபோது, ஊரே திரும்பிப் பார்த்தது. 'செம' என்று நாம் சொல்வதற்குப் பக்கத்தில் வரும் சொல் அது. 2021 அக்டோபரில் கட்சியின் கொள்கை இதழில் வெளிவந்த ஷி ஜின்பிங்கின் கட்டுரையில் நெய்ஜுவானும் தாங்பிங்கும் தவிர்க்க வேண்டியவையாக இடம்பெற்றன. 2024 ஜூலையில் கட்சியின் அரசியல் குழு 'நெய்ஜுவான் பாணியிலான' நாசப் போட்டியைத் தடுக்க வேண்டும் என்றது. 2025 மார்ச்சில் அரசின் ஆண்டறிக்கையிலும் அந்தச் சொல் ஏறியது. அங்கே அது குறித்தது மின்சாரக் கார், சூரிய மின்தகடு போன்ற தொழில்களில் நடக்கும் விலைச் சண்டையை. மாணவர்களின் வாயில் பிறந்த சொல் தொழிற்சாலைகளின் சொல்லாக இடம் மாறிவிட்டது. 2024 அக்டோபரிலோ இணையத்தில் எழுத்துகளையும் ஒலிகளையும் மாற்றி எழுதுவதைத் திருத்த அரசு தனி நடவடிக்கை தொடங்கியது.

கற்க விரும்புபவர் எங்கே போய்க் கற்பது? பிலிபிலி காணொளித் தளம்தான் என் பதில். அங்கே பார்ப்பவர்கள் எழுதும் வரிகள் படத்தின் மேலேயே வலமிருந்து இடமாக ஓடும். எந்தக் காட்சியில், எந்த நொடியில், எந்தச் சொல்லை எல்லாரும் ஒன்றாக எழுதுகிறார்கள் என்பது கண்முன்னே தெரியும். எந்த அகராதியாலும் தர முடியாத உதவி அது. ஷாங்காயில் வெளிவரும் 'யாவ்வென் ஜியாவ்ஸ' என்ற மொழி இதழ் வருடா வருடம் பத்துச் சொற்களைத் தேர்ந்தெடுக்கிறது, அதையும் பார்க்கலாம். 2024 பட்டியலில் இருந்த 'பான்வெய்' எனக்கு மிகவும் பிடித்த சொல். 'வேலை வாசம்'. எவ்வளவு நல்ல உடை போட்டாலும் வேலைக்குப் போகிறவரின் கண்ணிலும் நடையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் களைப்பு.

பயன்படுத்தும்போது வயது பார்க்க வேண்டும். 'கெய்லீ' என்று இன்று சொன்னால் பழைய ஆள் என்று தெரிந்துவிடும். வீசாட் அரட்டைச் செயலியில் இருக்கும் மெல்லிய புன்னகை முகத்தை அம்மா அப்பா வயதுக்காரர்கள் அன்போடு அனுப்புவார்கள். இளைஞர்களுக்கு அது 'இதற்குமேல் உன்னோடு பேச விருப்பமில்லை' என்பதுபோல. 'ஹெஹெ' என்று எழுதுவதும் அப்படித்தான், அது சிரிப்பில்லை. 'நியூமா', அதாவது 'மாடு குதிரை', என்ற சொல்லைத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம். இன்னொருவரைப் பார்த்துச் சொல்லக் கூடாது. 'மாடாய் உழைத்து ஓடாய்த் தேய்ந்தேன்' என்று நாம் நம்மைச் சொல்லிக்கொள்கிறோம். அடுத்தவரை மாடு என்று சொல்வது வேறு.

2024இல் பிலிபிலி வருடத்தின் சொல்லாக அறிவித்தது ஒற்றை எழுத்தை: 'ஜியே'. பிடித்துக்கொள், ஏந்திக்கொள் என்று பொருள். திரையில் யாராவது 'இதைப் பார்ப்பவர்களுக்குத் தேர்வில் நல்ல மதிப்பெண் வரட்டும், நல்ல வேலை அமையட்டும்' என்று சொன்னதும் வலப்பக்கத்திலிருந்து வரிசை வரிசையாக அந்த எழுத்து ஓடிவரும். ஜியே, ஜியே, ஜியே. படத்தில் இருப்பவரின் முகமே மறைந்துபோகும். அந்த எழுத்தின் இடது பக்கத்தில் இருப்பது கை.